உபயதாரர் பட்டியலைக் காப்பாற்றிய வெர்ச்சுவல்பாக்ஸ்

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் என்று எது வந்தாலும் பக்கம் அமைத்துக் கொடுப்பேன். அச்சடிப்பது வேறு இடத்தில். கடைப் பலகையில் 'தர்மபுரி' என்றும் ரசீதில் 'தருமபுரி' என்றும் இருக்கும். எது சரி என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவரவர் கேட்டதைப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

மாசி மாதக் கடைசியில் என் பழைய கணினி நின்றுபோனது. பழையது என்றால் நிஜமாகவே பழையது: பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7, அதன்மேல் ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் ஊதிப் போய்விட்டன என்று பழுது பார்ப்பவர் திறந்து காட்டினார். இரண்டு முறை மாற்றிய போர்டு. மூன்றாவதாக ஒன்று எங்கேயும் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, யு.எஸ்.பி. மாற்றி ஒன்றில் செருகிப் பார்த்தோம். இருபது வருட வேலையும் அப்படியே இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் செய்த பத்திரிகைகளில் 'கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்' என்று முகவரி போட்டிருக்கும். அவை உட்பட எல்லாம் பத்திரம். திறக்கத்தான் வழியில்லை. அதற்கு வழி காட்டிய வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இதை ஏன் இவ்வளவு பெரிய கதையாகச் சொல்கிறேன் என்றால், அதே வாரம் திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தா வந்து நின்றார். சித்திரையில் பாரதத் திருவிழா. எங்கள் பக்கத்தில் இது பதினெட்டு நாள் விழா: பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, அர்ச்சுனன் தபசு ஒரு நாள், கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. நோட்டீஸில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் அன்றைய நிகழ்ச்சியும் உபயதாரர் பெயர்களும் வரும். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். வருடா வருடம் தேதியை மாற்றி, நாலைந்து பெயர்களைச் சேர்த்து நீக்கி, அரை நாளில் முடித்துக் கொடுப்பேன். புதிதாகத் தட்டச்சு செய்தால் இரண்டு நாள் வேலை என்பதுகூடப் பெரிதில்லை. இன்னாருடைய இன்ஷியலில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அந்தக் கட்டத்துக்குரிய பங்காளிகள் மொத்தமும் என் கடை வாசலில் நிற்பார்கள்.

புதுக் கணினி என்னிடம் ஏற்கெனவே இருந்தது: ஐ5 எட்டாம் தலைமுறை, 16 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11. அதில் பழைய தமிழ் மென்பொருளைப் போட முடியவில்லை. அது டாங்கிள் வைத்து ஓடுவது; சாவி போல ஒரு சின்னக் கருவியைக் கணினியில் செருகினால்தான் திறக்கும். அந்த யு.எஸ்.பி. டாங்கிளைக் கணினிக்குப் புரியவைக்கும் சிறு நிரலான டிரைவர் 32 பிட் காலத்தது. 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது; விண்டோஸ் 11 வருவதோ 64 பிட்டில் மட்டும். விற்ற நிறுவனம் கடையை மூடி எத்தனையோ வருடம் ஆகிறது.

வேறு வழிகளையும் யோசித்தேன். அடோபியின் இன்னொரு பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். அதற்குப் பிந்தைய பதிப்புகளில் அந்த வசதி கிடையாது. எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே பதிவாகியிருக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அதன் பின்னால். நல்ல மாற்றி இதைச் சரியாகத் திருப்பிப் போட்டுவிடும். ஆனால் வரிகளைப் பேஜ்மேக்கர் ஃபைலிலிருந்து வெளியே எடுத்தால்தானே மாற்ற முடியும்? எடுக்கப் பேஜ்மேக்கர் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கு வந்து நின்றேன். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளை) தரமாக அறிவித்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ்-16 என்ற இன்னொரு குறியேற்றத்தையும் ஏற்றது. என் கடையில் ஓடியதோ கம்பெனிக்கு ஒன்றாக இருந்த காலத்துச் சரக்கு.

என் தங்கை மகன் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். வாரக் கடைசியில் வந்தவன் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "மாமா, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி வைத்துக்கொள்ளலாம். காசு கிடையாது" என்றான். அப்படித்தான் வெர்ச்சுவல்பாக்ஸ் கடைக்குள் வந்தது. இரண்டு மாதம் தினமும் பயன்படுத்திய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

இது என்ன செய்கிறது என்று என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கிற விண்டோஸை வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மென்பொருள் அவர் வீட்டில் ஓர் அறையைத் தடுத்து, அதற்குள் பொய்யாக ஒரு மதர்போர்டு, பொய்யாக ஒரு டிஸ்க், பொய்யாக ஒரு நெட்வொர்க் கார்டு எல்லாம் காட்டுகிறது. உள்ளே குடிவருகிற எக்ஸ்பிக்கு அது நிஜப் பெட்டி என்றே நினைப்பு. அந்த டிஸ்க் முழுவதும் வெளியே ஒரே ஒரு ஃபைலாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் இன்னோடெக் என்ற நிறுவனம் செய்தது; 2007இல் திறந்த மூல வடிவில், அதாவது நிரலை யாரும் பார்க்கும்படி, வெளியிட்டார்கள். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. கை மாறினாலும் இலவசமாகவே தொடர்கிறது.

இலவசம் என்ற சொல்லில் ஒரு சின்ன முடிச்சு உண்டு. கடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடிப்படைத் தொகுப்பு ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, கடையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்று தனியாக ஒன்று தருகிறார்கள். அது சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம், வியாபாரத்துக்கு விலை கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். முன்பு யு.எஸ்.பி. 2.0, 3.0 வேண்டுமென்றால் இந்தப் பேக் இல்லாமல் முடியாது. 2022இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து அவை அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டன. ஆகவே நான் பேக்கைத் தொடவே இல்லை. எக்ஸ்பிக்கும் முறையான உரிமம் வேண்டும். கணினியோடு ஸ்டிக்கராக ஒட்டி வந்த ஓ.இ.எம். உரிமம் அந்தப் பெட்டியோடு கட்டுப்பட்டது. நான் அந்தக் காலத்தில் சேலத்தில் தனி டப்பாவாக, மனமில்லாமல் விலை கொடுத்து வாங்கிய சிடி இப்போது கைகொடுத்தது. அன்றைக்கு என்னைக் கேலி செய்த பக்கத்துக் கடைக்காரரிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிறுவும்போது முதல் தடை செயலியில் இருந்தது. இன்டெல்லின் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி.யின் ஏ.எம்.டி.-வி என்று, மெய்நிகர் கணினிக்கு (உள்ளே ஓடும் பொய்க் கணினிக்கு) செயலி தருகிற வசதி இல்லாமல் இப்போதைய வெர்ச்சுவல்பாக்ஸ் ஓடாது; 6.1 பதிப்பிலிருந்து அது கட்டாயம். பெரும்பாலான கணினிகளில் வசதி இருக்கும், ஆனால் கணினி எழும்போதே ஓடுகிற அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மருமகன் பயாஸுக்குள் போய் ஒரு வரியை மாற்றினான், சரியாயிற்று. இரண்டாவது தடை ஆமை. மெய்நிகர் கணினி ஓடும்போது ஜன்னலின் அடிப்பட்டையில் சின்னப் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸ் தன்னுடைய ஹைப்பர்-வி என்ற மெய்நிகர் கணினி வசதியை முன்னால் ஓட்டிக்கொண்டிருக்கிறது, வெர்ச்சுவல்பாக்ஸ் அதன் பின்னால் வரிசையில் நிற்கிறது என்று பொருள். வேலை நடக்கும், ஆனால் பெயருக்கு ஏற்ற வேகத்தில். விண்டோஸ் 11இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு போட்டிருந்தாலும் இது வரும். அதை அணைத்தால் வேகம் கூடும், பாதுகாப்பு கொஞ்சம் குறையும். எக்ஸ்பி அவ்வளவு லேசானது, ஆமையோடும் சமாளித்துவிடும் என்பதால் நான் அணைக்கவில்லை.

எக்ஸ்பிக்கு நான் ஒதுக்கியது 1 ஜிபி ரேம், ஒரு கோர், 20 ஜிபி டிஸ்க். இந்த 20 ஜிபி முதலிலேயே இடத்தைப் பிடித்துக்கொள்ளாது. போடப் போட வளரும். என்னுடையது இன்னும் 6 ஜிபியைத் தாண்டவில்லை. புதிய கணினியை உருவாக்கும்போது வகையை 'விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட்' என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் டிஸ்க்கை ஐ.டி.இ. என்ற பழைய இணைப்பு முறையில் காட்டும். சாட்டா என்ற பிந்தைய முறைக்கு மாற்றிவிட்டால் எக்ஸ்பியிடம் அதற்கு டிரைவர் இல்லை, நீலத் திரைதான் பரிசு. தானாகவே நிறுவித் தருகிறேன் என்று ஒரு வசதி வரும். அதைத் தவிர்க்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு நானே உட்கார்ந்து எஃப்8 அழுத்தி நிறுவினேன். அந்த நீலத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்ததும் கடை திறந்த முதல் வருடம் ஞாபகம் வந்தது. முன்பு ஸ்விட்சைப் போட்டுவிட்டு எதிரே போய் டீ குடித்து வந்தால்தான் எக்ஸ்பி எழுந்திருக்கும். இப்போது டீ சொல்வதற்குள் எழுந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் எனக்கு வியர்த்துப்போன இடம் ஒன்று உண்டு. உள்ளே ஒரு முறை கிளிக் செய்ததும் மவுஸ் அம்பு அந்த ஜன்னலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. எப்படி இழுத்தாலும் வெளியே வரவில்லை. வலது கன்ட்ரோல் விசையைத் தட்டினால் வரும் என்று மருமகன் சொல்லும்வரை கணினியை அணைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த விசை இல்லாத லேப்டாப் என்றால் வேறு விசையை அமைத்துக்கொள்ளலாம். 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணைத் தொகுப்பை எக்ஸ்பிக்குள் நிறுவிய பிறகு இந்தத் தொல்லையே இல்லை. அம்பு தாராளமாக உள்ளும் புறமும் போய்வருகிறது, ஜன்னலைப் பெரிதாக்கினால் எக்ஸ்பியின் திரையும் கூடவே பெரிதாகிறது, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம். இதைப் போடாமல் வெர்ச்சுவல்பாக்ஸை மதிப்பிடுகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டு ரோட்டைத் திட்டுகிறவர்கள்.

இனி டாங்கிள். மொத்த ஆட்டமும் இதில்தான் இருந்தது. யு.எஸ்.பி. அமைப்பில் நான் பெரிய எண்தானே நல்லது என்று 3.0ஐத் தேர்ந்தெடுத்திருந்தேன். எக்ஸ்பி ஒன்றும் பேசவில்லை. அதற்கு 3.0 கன்ட்ரோலரைத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. ஒரு மாலை முழுவதும் டாங்கிளைக் கழற்றிக் கழற்றிச் செருகினேன், செத்துப்போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். கணினியை அணைத்து 1.1 என்று மாற்றி, டாங்கிளின் பெயரை யு.எஸ்.பி. வடிகட்டிப் பட்டியலில் சேர்த்ததும், செருகியவுடன் விண்டோஸ் 11 கையை எடுத்துக்கொள்ள, எக்ஸ்பி அதைப் பிடித்துக்கொண்டது. தமிழ் மென்பொருளின் மஞ்சள் பட்டை திரையில் வந்தது. நான் பழைய தட்டச்சு விசைப்பலகைக்காரன். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்த கை. கண்ணை மூடிக்கொண்டு 'தருமபுரி மாவட்டம்' என்று தட்டினேன். அப்படியே விழுந்தது.

அச்சுக்கு அனுப்புவது இன்னும் எளிது. எக்ஸ்பிக்குள் பிரின்டர் எதையும் இணைக்கவில்லை. பேஜ்மேக்கரோடு வந்த டிஸ்டிலர் என்ற மென்பொருளில் பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துருக்களை அதற்குள்ளேயே பதித்து, பொது ஃபோல்டரில் போடுகிறேன். வெளியே விண்டோஸ் 11 அதைத் திறந்து புரூஃப் எடுக்கிறது. பிளேட் போடுகிறவருக்கும் அதே பி.டி.எஃப்.தான் போகிறது.

கோடையில் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தால் முன்பெல்லாம் சேமிக்க ஓடுவேன். இப்போது ஜன்னலை மூடினால் மூன்று வழி கேட்கிறது. 'நிலையைச் சேமி' என்பதைத் தேர்ந்தால் எக்ஸ்பி பாதி வரியில் இருந்தாலும் அப்படியே உறைந்து டிஸ்க்குக்குப் போகிறது. மறுபடி எழுப்பினால் கர்சர் அதே எழுத்தின் பக்கத்தில் துடித்துக்கொண்டிருக்கும். இந்த ஒரு வசதிக்காகவே புது மென்பொருள்களையும் இதற்குள் வைத்து ஓட்டலாமா என்று தோன்றுகிறது.

ஸ்னாப்ஷாட் என்று ஒன்று இருக்கிறது. அதை நான் தவறாகப் புரிந்துகொண்டு பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாக ஓடுகிற நிலையை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், பிறகு எது கெட்டாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஒரு வாடிக்கையாளர் பென்டிரைவில் போட்டோ கொண்டுவந்தார். அவசரத்தில் அதை எக்ஸ்பிக்குள் திறந்தேன். வெளியே திறந்திருக்க வேண்டும். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறின. பயப்படவில்லை, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன், வைரஸ் போயிற்று. கூடவே அன்று காலையில் திருத்திய பாரத நோட்டீஸும் போயிற்று. ஃபைலை உள் டிஸ்க்கிலேயே வைத்திருந்தேன். ஸ்னாப்ஷாட் என்றால் முழு டிஸ்க்கும் பின்னால் போகும். திரும்புவதற்கு முன் இப்போதைய நிலையையும் எடுத்து வைக்கவா என்று ஒரு டிக் கட்டம் கேட்டது, அதையும் நானே எடுத்துவிட்டிருந்தேன். அன்றிலிருந்து வேலை ஃபைல்கள் எல்லாம் பொது ஃபோல்டரில் வெளியே. எக்ஸ்பிக்குள் மென்பொருள் மட்டும்.

நெட்வொர்க்கை முழுவதுமாக அணைத்து வைத்திருக்கிறேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் பரவியபோது மைக்ரோசாஃப்ட் மனமிரங்கி எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் கொடுத்தது என்பது உண்மை. அதை நம்பி இன்றைக்கு அதை இணையத்தில் விடுவது, கதவில்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டு ஒகேனக்கல்லுக்குக் குளிக்கப் போவது போல. அமைப்பில் நெட்வொர்க் அடாப்டரை 'இணைக்கப்படவில்லை' என்று வைத்தால் போதும்.

மருமகன் தன் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸை இதே வெர்ச்சுவல்பாக்ஸில் வைத்துப் படிக்கிறான். அவன் அனுபவம் என்னுடையதைப் போல அவ்வளவு இனிமை இல்லை. அவனிடம் மொத்தம் 4 ஜிபி ரேம்தான் இருந்தது. விருந்தாளிக்குப் பாதியைக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுகிறது, குறைத்தால் விருந்தாளி எழுந்திருக்கவே மறுக்கிறார். 8 ஜிபி ஆக்கிய பிறகுதான் புன்னகைத்தான். விளையாட்டு, வீடியோ எடிட்டிங் மாதிரியான கனமான வரைகலை வேலைகளுக்கும் இது சரிப்படாது.

போட்டியாளர்களைப் பற்றிச் சுருக்கமாக. வி.எம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ பல வருடம் விலைக்கு விற்றது. அந்த நிறுவனத்தை பிராட்காம் வாங்கிய பிறகு, 2024 மே மாதம் சொந்த உபயோகத்துக்கும் நவம்பரில் வியாபாரத்துக்கும் இலவசமாக்கினார்கள். மருமகனின் லேப்டாப்பில் பார்த்தேன், திரை வழவழப்பாகத்தான் ஓடுகிறது. ஆனால் பதிவிறக்க அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். ஹைப்பர்-வி விண்டோஸ் புரோவில் கூடவே வருகிறது, ஹோமில் கிடையாது, யு.எஸ்.பி. டாங்கிளை நேராக உள்ளே கொடுக்கிற வசதி அதில் இல்லை என்பதால் எனக்கு ஆகாது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள், அதிலேயே உள்ள கே.வி.எம். என்ற மெய்நிகர் கணினி வசதி இருக்க வேறெதற்கு என்பார்கள். அவர்களுக்கு அது சரி.

எனக்கு உள்ள ஒரே கவலையை வெர்ச்சுவல்பாக்ஸால் தீர்க்க முடியாது. மெய்நிகர் டிஸ்க்கை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டு பிரதி வெளி டிஸ்க்கில் இருக்கின்றன. டாங்கிளுக்குப் பிரதி கிடையாது. அதனால் மாலை நேரங்களில் பழைய ஃபைல்களிலிருந்து வரிகளை வெளியே எடுத்து யூனிகோடாக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். 2006 வரை வந்திருக்கிறேன். டாங்கிள் தினமும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக் கல்லாவில் பூட்டப்படுகிறது.

தர்மகர்த்தா புரூஃப் பார்க்க வந்தபோது எக்ஸ்பி ஜன்னலைத் திரை முழுவதும் விரித்து வைத்திருந்தேன். எந்தக் கணினிக்குள் எது ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தார். முதல் நாளிலிருந்து பதின்மூன்றாம் நாள் வரை ஒரு பிழையும் இல்லை. பதினான்காம் நாளில் நிறுத்தினார். "இது எங்கள் அண்ணன். போன ஐப்பசியில் தவறிவிட்டார். திருவை எடுத்துவிட்டு அமரர் போட்டுவிடுங்கள்" என்றார். போட்டேன். சொல் நீளமானதில் கடைசிப் பெயர் அடுத்த வரிக்கு விழுந்து கட்டத்தின் கோட்டை இடித்தது. அந்த வரியின் எழுத்தை அரைப் புள்ளி குறைத்து மறுபடி மேலே ஏற்றினேன்.